உருகும் புட்டிங் உணவகத்தின் தனிச்சொத்தன்று

லண்டனின் சவுத்தாலில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில், நடுவில் சாக்லேட் குழம்பாக உருகி ஓடுகின்ற அந்தச் சிறு புட்டிங்கைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஏறக்குறைய ஒரே அபிப்பிராயம் ஒரே உறுதியுடன் சொல்லப்படுகிறது. அது பயிற்சி பெற்ற சமையற்காரரின் கைக்கு மட்டுமே வசப்படும் வித்தை என்றும், வீட்டு ஓவனில் செய்யத் துணிந்தால் ஒன்று கேக்காக இறுகிவிடும், அல்லது தட்டில் கவிழ்த்ததும் சரிந்து குளமாகிவிடும் என்றும், ஆகையால் ஆசையிருப்பவர்கள் உணவகத்துக்குப் போகவேண்டும், அல்லது பேரங்காடியில் கண்ணாடிக் கிண்ணத்தில் விற்பதை வாங்கிச் சூடாக்கிக்கொள்ளவேண்டும் என்றும் சொல்கிறார்கள். இதனோடு இரண்டு துணை அபிப்பிராயங்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன: நடுவில் ஓடுவது வேகாத முட்டையாதலால் அது உடம்புக்கு ஆகாது என்பது ஒன்று, எப்படியானாலும் அது வெள்ளைக்காரர் பண்டம், நமக்கு எதற்கு என்பது மற்றொன்று. இம்மூன்றில் முதலாவது உண்மையை முற்றிலும் தலைகீழாக்குவது என்பதும், இந்தப் புட்டிங் இயல்பிலேயே இல்லத்துக்குரிய பண்டம் என்பதும் என் கட்சி. மற்ற இரண்டிலும் ஓரளவு விஷயம் இருக்கிறது. அவற்றுக்கு உரிய மரியாதையோடு பிறகு வருகிறேன்.

இந்த அச்சம் அடுக்களையில் பிறந்ததன்று, தொலைக்காட்சிப் பெட்டியில் பிறந்தது. பிபிசியின் மாஸ்டர்செஃப் முதலிய சமையற் போட்டிகளில், இங்கிலாந்தில் சாக்லேட் ஃபாண்டன்ட் என்று வழங்கும் இந்தப் புட்டிங் எத்தனையோ போட்டியாளர்களின் கண்களைக் கலங்கவைத்திருக்கிறது. கரண்டியால் வெட்டிய நடு வறண்டு கிடப்பதையும், அதைச் செய்தவரின் முகம் வாடுவதையும் காமிரா அருகில் போய்க் காட்டக் காட்ட, அதைக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம், இவர்களாலேயே முடியாதது நம்மால் எப்படி முடியும் என்று தீர்மானித்துவிடுகிறது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகின்ற இந்தத் தீர்மானம், போட்டி மேடையின் நிலைமை வேறு, வீட்டின் நிலைமை வேறு என்பதை அடியோடு மறந்துவிடுகிறது. போட்டியாளர், தமக்குப் பழக்கமில்லாத ஓவனில், தாம் முன்பு கையாளாத அச்சுகளில், கடிகாரம் துரத்த, வேறு பண்டங்களையும் கவனித்துக்கொண்டே, முன்னோட்டம் பார்க்க வழியின்றி ஒரே தடவையாக இதைச் செய்து நீட்டவேண்டியவராக இருக்கிறார். இந்தப் புட்டிங்கின் வெற்றி தோல்வியை நிர்ணயிப்பவையோ ஓவனின் மெய்யான உஷ்ணம், அச்சின் கனம், உள்ளே போகும்போது கலவை எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பது, நேரம் ஆகிய நான்கே. இந்நான்கில் ஒன்றுகூட விரல்களின் சாமர்த்தியத்தைச் சார்ந்ததன்று. ஒருமுறை அறிந்துகொண்டால் அடுத்தமுறையும் மாறாமல் நிற்பவை அவை. மேடையில் நான்கும் அறியப்படாதவையாக இருக்கின்றன; வீட்டிலோ அதே ஓவன், அதே கிண்ணம், அதே குளிர்ப்பெட்டி, அதே கடிகாரம். போட்டியில் தோற்றவர்களைக் காட்டி வீட்டிலிருப்பவர்களை அச்சுறுத்துவது, ஆகவே, செல்லாத வாதம்.

ஓவனுக்குள் நடப்பதைத் தெளிவாக உணர்ந்துகொண்டவர்களுக்கு மர்மம் என்று ஒன்றுமே இராது. சாக்லேட்டிலுள்ள கொக்கோ வெண்ணெய், நம் உடம்பின் உஷ்ணத்துக்கும் சற்றுக் குறைவான 34 டிகிரி அளவிலேயே உருகிவிடும். அடித்துக் கலந்த முட்டையோ 70 டிகிரியை நெருங்கினால்தான் இறுகும், சீனி சேர்ந்தால் அதற்கும் சற்று மேலே போகவேண்டும். உஷ்ணம் வெளியிலிருந்து உள்ளே படிப்படியாகச் செல்வதால், அச்சின் சுவரையும் அடியையும் ஒட்டிய பாகம் முதலில் இறுகிச் சுவராக நிற்க, நடுப்பாகம் சூடேறி, உருகி, இறுகாமல் இருக்கின்ற ஓர் இடைவேளை உண்டு. அந்த இடைவேளையில் வெளியே எடுப்பதுதான் முழு வித்தையும். கலவை வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஓவனில் வைத்தால் இந்த இடைவேளை குறுகிப்போகும். குளிர்ப்பெட்டியில் சில மணி நேரம் வைத்து நன்றாகக் குளிரச்செய்தபின் வைத்தால், சுவர் இறுகும்வரையிலும் நடு பின்தங்கியே நிற்பதால் இடைவேளை அகன்று, ஒரு நிமிஷம் முன்பின்னானாலும் காரியம் கெடாது. பதற்றத்துக்கு மருந்து இவ்வளவு எளியதாக இருக்கும்போது, அதை யாரும் எடுத்துச் சொல்லாமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நான்கு பேருக்கு அளவு இது. எழுபது சதவீதக் கொக்கோ உள்ள கறுப்புச் சாக்லேட் 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், இரண்டு முழு முட்டை, மேலும் இரண்டு மஞ்சட்கரு, சீனி 55 கிராம், கோதுமை மா 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சாக்லேட்டையும் வெண்ணெயையும் கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கி ஆறவிட்டு, முட்டையையும் சீனியையும் வெளுத்துத் தடிக்கும்வரை அடித்து, இரண்டையும் சேர்த்து, மாவைச் சலித்துப்போட்டு மெதுவாகக் கலந்தால் போதும். அச்சுக்காகப் பிரத்தியேகமான கடை தேடி அலைய வேண்டியதில்லை. சவுத்தால் பிராட்வே வீதியின் பாத்திரக் கடைகளில் அடுக்கடுக்காக இருக்கின்ற, பஞ்சாபியர் கட்டோரி என்கிற சிறு எவர்சில்வர் கிண்ணமே இதற்குத் தக்கது, ஏனெனில் மெல்லிய உலோகம் உஷ்ணத்தை விரைவாகக் கடத்திச் சுவரைச் சீக்கிரம் இறுகச்செய்கிறது. கனமான பீங்கான் கிண்ணத்திலோ சுவர் இறுகத் தாமதமாகி, அதற்குள் நடுவும் இறுகத் தொடங்கிவிடும். கிண்ணத்தின் உட்புறம் முழுவதும் வெண்ணெய் பூசி, அதன்மேல் கொக்கோத் தூளைத் தூவித் தட்டிவிட வேண்டும். இந்த ஒரு வேலையில் சிரத்தை குறைந்தால், நடு எவ்வளவு அழகாக உருகியிருந்தாலும் கவிழ்க்கும்போது பாதி கிண்ணத்திலேயே நின்றுவிடும். 200 டிகிரியில், விசிறியுள்ள ஓவனானால் 180-ல், குளிர்ந்த கிண்ணங்களுக்குப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு அண்மையில் நேரம் பிடிக்கும். ஓரம் இறுகி, மேற்பரப்பு பளபளப்பு நீங்கி, கிண்ணத்தை அசைத்தால் நடு மட்டும் சற்றே அசைய வேண்டும். வெளியே எடுத்து ஒரு நிமிஷம் பொறுத்துக் கவிழ்க்க வேண்டும்.

அண்மையில் என்று நான் சொன்னது தப்பித்துக்கொள்வதற்காக அன்று. வீட்டு ஓவன்களின் குமிழ் காட்டும் எண்ணுக்கும் உள்ளேயிருக்கும் உஷ்ணத்துக்கும் பத்து இருபது டிகிரி வேற்றுமை இருப்பது சகஜம். வாடகை வீடுகளில் மாறி மாறி வசிக்க நேர்ந்தவர்கள் இதை நன்றாக அறிவார்கள். எனவே எந்தப் புத்தகத்தின் நேரத்தையும் வேதமாகக் கொள்ளாமல், விருந்துக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரேயொரு கிண்ணத்தை மட்டும் வைத்து, பத்தாவது நிமிஷத்தில் எடுத்துக் கவிழ்த்து வெட்டிப் பார்க்கவேண்டும். அது அந்த ஓவனின் உண்மையைச் சொல்லிவிடும். அதன்பின் அந்த வீட்டுக்கு அந்த நேரம் நிரந்தரம். இந்தப் பரீட்சையில் தோற்றாலும் இழப்பு என்ன? நேரம் மிஞ்சிவிட்டால் கையிலிருப்பது நல்ல சாக்லேட் கேக். நேரம் குறைந்துவிட்டால் கவிழ்க்காமல் கிண்ணத்திலேயே கரண்டியோடு கொடுக்கக்கூடிய இனிப்பு. இரண்டையும் குழந்தைகள் மறுக்கமாட்டார்கள்.

சாக்லேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் செய்து திருப்தியில்லை என்று சொல்பவர்களில் பலர், கடையில் முதலில் கண்ணில் பட்டதை வாங்கியவர்களாகவே இருப்பார்கள். இங்கே விற்கும் டெய்ரி மில்க்கில் கொக்கோ 20 சதவீதந்தான். போர்ன்வில் என்ற கறுப்புச் சாக்லேட்டிலும் 36 சதவீதந்தான். இவற்றைக் கொண்டு செய்தால் சீனியின் அளவு எல்லை கடந்து, கொக்கோவின் கசப்பும் மணமும் அடங்கிப்போகும். எந்தப் பேரங்காடியின் சொந்தப் பெயரில் விற்கும் எழுபது சதவீதச் சாக்லேட்டும் இந்தக் காரியத்துக்குப் போதுமானது.

இனி, இது பெரிய சமையற்காரரின் படைப்பு, அவர் கையை விட்டு நம் கைக்கு வராது என்ற வாதத்துக்கு வருவோம். பிரான்சின் லாகியோல் என்ற ஊரில் மிஷேல் பிராஸ் 1981-ல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார் என்பதும், அதற்கு அவர் இரண்டு ஆண்டுகள் உழைத்தார் என்பதும் உண்மை. ஆனால் அந்த உழைப்புக்குத் தூண்டுதல், பனிச்சறுக்கி வந்த தம் குடும்பத்தார் குளிரில் நடுங்கிச் சூடான சாக்லேட் பருகிய மகிழ்ச்சியே என்று அவர் சொல்லியிருப்பதை நம்மவர் கவனிப்பதில்லை. நியூயார்க்கில் ஜான் ஜார்ஜ் வோங்கரிக்டன் 1987-ல் இதைக் கண்டதாகச் சொல்லும் கதையிலோ, பெருங்கூட்டத்துக்கு அனுப்பிய கேக்குகள் நேரத்துக்கு முன்பே ஓவனைவிட்டு வெளியே வந்துவிட்டன, அவையே கைதட்டலைப் பெற்றன என்பதே சாரம். அதாவது அசாத்தியமான திறமையன்று, முன்கூட்டி எடுத்தது ஒன்றே அதன் ரகசியம். இவர்கள் இருவருக்கும் பல ஆண்டுகள் முன்னதாக, 1966-ல், அமெரிக்காவில் பில்ஸ்பரி கம்பெனி நடத்திய பேக்கிங் போட்டியில், டெக்ஸாஸைச் சேர்ந்த எல்லா ஹெல்ஃப்ரிச் என்ற இல்லத்தரசி, நடுவில் சாக்லேட் கூழாகவே நின்றுவிடும் கேக் ஒன்றைச் செய்து இரண்டாம் பரிசு பெற்றார். அந்தக் கேக்கைச் சுட்ட பண்ட் என்னும் வளைய அச்சுக்கு அதன்பின் நாடெங்கும் கிராக்கி உண்டாயிற்று. அது இந்தச் சிறு புட்டிங்கே அன்று, செய்முறையும் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறுகாத நடு என்ற இன்பத்தைப் பெருந்திரளான மக்களுக்கு அறிமுகப்படுத்தியது ஒரு வீட்டு ஓவனே என்ற சரித்திரத்தை எவரும் மறுக்க முடியாது. இங்கிலாந்திலும் 1995-ல் டீலியா ஸ்மித் தம் குளிர்காலச் சமையல் நூலில் இதைச் சேர்த்தபோது, சமையற்காரர்களுக்கு அன்று, வீட்டிலிருப்பவர்களுக்கே எழுதினார்.

முட்டையைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கௌரவமானது. அதைச் சொல்பவர்கள் தம் குழந்தைகளின் உடல்நலத்தை எண்ணியே சொல்கிறார்கள். நடு முழுவதும் வெந்துவிடுகிறது என்று சொல்லி அவர்களை ஏமாற்ற நான் துணியமாட்டேன். முட்டை இறுகும் உஷ்ணத்தை எட்டியிருந்தால் அது ஓடவே ஓடாது. 1988 டிசம்பரில், அப்போது சுகாதாரத் துறையின் இளநிலை மந்திரியாக இருந்த எட்வினா கரி, இந்நாட்டு முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மொனெல்லாக் கிருமியால் பாதிக்கப்பட்டிருக்கிறதென்று கூறி, அதனால் எழுந்த கொந்தளிப்பில் பதவியும் இழந்தார். அந்தக் காலத்தின் பீதி வீடுகளில் இன்னமும் தங்கியிருக்கிறது. ஆனால் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் சேர்த்தே அறியவேண்டாமா? கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, 1998 முதல் சிங்க முத்திரையோடு முட்டைகள் விற்பனைக்கு வந்தன. நெடிய ஆராய்ச்சிக்குப்பின், 2017 அக்டோபரில், உணவுத் தர நிர்ணய முகமை தன் பழைய எச்சரிக்கையை மாற்றி, சிங்க முத்திரையுள்ள முட்டைகளைக் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் முதியோரும்கூடப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணலாம் என்று அறிவித்தது. நோயெதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றி, மருத்துவரின் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த அனுமதி பொருந்தாது. முப்பது முட்டைத் தட்டுகளை மலிவாக வாங்குகிறவர்கள் ஓட்டின்மேல் சிவப்புச் சிங்கம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் அவற்றை நன்றாக அவித்து உண்பதற்கு வைத்துக்கொண்டு, இதற்கு வேறு வாங்கவேண்டும்.

அன்றியும், மஞ்சட்கரு ததும்பும் ஆஃப்பாயிலைச் சோற்றோடு உண்பவர்களும், பூப்பெய்திய பெண்ணுக்குப் பச்சை முட்டையையும் நல்லெண்ணெயையும் பலத்துக்கென்று ஊட்டும் வழக்கத்தில் வளர்ந்தவர்களும், முத்திரையிட்ட முட்டையில் செய்து ஓவனில் சூடேறிய ஒரு புட்டிங்கை மட்டும் நஞ்சுபோல் நோக்குவதில் என்ன நியாயம் இருக்கிறது? பழக்கத்தில் உள்ளதைப் பயமின்றி ஏற்பதும், புதிதாக வந்ததை ஆராயாமல் அஞ்சுவதும் மனித சுபாவமாக இருக்கலாம்; ஆனால் அதை ஆரோக்கிய சாஸ்திரம் என்று பெயரிட்டு மற்றவர்களைத் தடுக்கலாகாது.

முட்டையையே தொடாத குடும்பங்கள் இவ்வூரில் ஏராளம். முட்டையில்லாக் கேக்குக்கென்றே கடைகள் இங்கே தழைத்திருப்பது அதனால்தான். அவர்களுக்கும் வழியுண்டு, அதுவும் பிராஸ் காட்டிய வழியே. 100 கிராம் சாக்லேட்டைச் சூடான 100 மில்லி கிரீமில் கரைத்து, பனிக்கட்டித் தட்டின் குழிகளில் ஊற்றி உறையவைத்து, தயிரோ டின் பாலோ சேர்த்துச் செய்த முட்டையில்லாக் கலவையின் நடுவே ஒவ்வொரு கட்டியாகப் புதைத்துச் சுடவேண்டும். இங்கே சுற்றியுள்ள கேக் முழுவதும் வெந்துவிடுகிறது. உறைந்த நடு உருகிக் குழம்பாகிறது. இந்த முறையில் முட்டை இறுகுவதற்குள் எடுக்கவேண்டும் என்ற கவலையே இல்லாததால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதையே முதலில் சிபாரிசு செய்வேன். இதைவிட்டு, முட்டை சேராது என்ற ஒரு காரணத்துக்காகப் பண்டத்தையே ஒதுக்குவது அவசியமற்ற துறவு.

மூன்றாவது ஆட்சேபம், இது நம்முடையதன்று என்பது. கொக்கோ எந்த ஆசியரின் பூர்வ சொத்தும் அன்று, எந்த ஐரோப்பியரின் பூர்வ சொத்தும் அன்று. அமெரிக்கக் கண்டத்து மரம் அது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798-ல் இந்தியாவில் அதை முதன்முதல் நட்ட இடம் நம் குற்றாலம். இலங்கையில் மாத்தளை, கண்டிப் பகுதிகளில் அது பயிராயிற்று. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. சவுத்தாலுக்கு மேற்கே அடுத்த ரயில் நிலையமான ஹேய்ஸில், உடற்பயிற்சியால் உலகப் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ 1913-ல் ஒரு கொக்கோத் தொழிற்சாலையை எழுப்பத் தொடங்கினார். படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் தம் பெயருக்கு முன் தரித்த அதே சாண்டோ. போர்க்காலத்தில் அவர் கம்பெனி வீழ்ந்து, பிறர் கைக்கு மாறி, 1929-ல் நெஸ்லேயின் வசமாகி, 2014 வரை அந்த ஆலை நடந்தது. ஹேய்ஸிலும் கிரீன்ஃபோர்டிலும் இருந்த உணவுத் தொழிற்சாலைகளில் இரவு பகலாக நின்று உழைத்தவர்களில் சவுத்தாலின் தெற்காசியக் குடும்பத்தினர் கணிசமானோர். வேறொருவர் உண்பதற்காகச் சாக்லேட்டும் கேக்கும் செய்ய நம் கை ஏற்றது, நம் வீட்டில் நமக்காகச் செய்ய மட்டும் ஏற்காது என்ற எண்ணத்தை நான் எதிர்ப்பது சமையலின் பொருட்டு மட்டுமன்று.

திறமையைப் பற்றிய தாழ்வுணர்ச்சியும் இதற்குள் மறைந்திருக்கிறது. அரியதரத்துக்கும் அதிரசத்துக்கும் பாகு காய்ச்சுகிற ஒருத்தி, வெப்பமானியும் கடிகாரமும் இன்றி, தண்ணீரில் ஒரு துளி விட்டு விரலால் உருட்டிப் பார்த்துப் பதத்தை அறிகிறாள். அரிசி மாவின் ஈரம் ஒருநாள் ஒருமாதிரி இருக்கும், வெல்லம் ஒருகடையில் ஒருமாதிரி இருக்கும், அவற்றுக்கெல்லாம் ஏற்பத் தன் கையைத் திருத்திக்கொள்கிறாள். பாகு ஒரு நொடி தப்பினாலும் எண்ணெயில் உதிர்ந்துபோகும் பண்டத்தை ஆண்டுதோறும் தீபாவளிக்குச் செய்கிறவள், அளந்து கலந்து, உஷ்ணத்தை எண்ணாகக் குறித்து, மணியடித்ததும் எடுக்கக்கூடிய ஒரு புட்டிங்கை எட்டாத வித்தையென்று நினைப்பது, அவளுக்கு அவளுடைய அறிவையே மறைத்துவைத்தவர்கள் செய்த அநியாயம்.

கடையில் கிடைக்கும்போது மெனக்கெடுவானேன் என்போருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடைப் புட்டிங், தொழிற்சாலையிலிருந்து லாரியிலும் அங்காடியின் குளிர்ப்பெட்டியிலும் நம் குளிர்ப்பெட்டியிலுமாகப் பல நாட்களைக் கடந்து, பின்பு எவர் வீட்டு மைக்ரோவேவிலும் தவறாமல் உருகியாகவேண்டும். அந்த நிர்ப்பந்தத்துக்காகவே அது அமைக்கப்படுகிறது. 2024-ல் கொக்கோவின் உலகச் சந்தை விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைக் கடந்தபின், பெட்டியின் பின்புறத்தில் கொக்கோவின் சதவீதத்தைப் படித்துவிட்டு வாங்குவது இன்னும் அவசியமாகியிருக்கிறது. வீட்டில் செய்யும்போது ஒருவருக்கு 25 கிராம் நல்ல சாக்லேட் போதும். விருந்தினர் இருக்கும்போது அடுக்களையில் அடைந்துகிடக்க வேண்டுமே என்ற கவலைக்கும் இடமில்லை: முதல் நாள் இரவே கிண்ணங்களை நிரப்பிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுக்கும்போது ஓவனில் வைத்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே தயாராகிவிடும். எந்த உணவகத்தை இதற்கு ஏற்ற இடம் என்று நம்மவர் சொல்கிறார்களோ, அந்த உணவகமும் மத்தியானத்திலேயே அச்சுகளை நிரப்பிக் குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிட்டு, கேட்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து ஓவனில் வைத்துப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருக்கிறது.